டாக்டர் ஹாஸ்கின்ஸ் புதிய நோயாளிகளை ஏற்கிறார்

எங்கள் ஊரில் நரம்பு, தசை, எலும்பு மூன்றையும் கையாலேயே தடவிப் பார்த்து நேர்செய்கிற ஆஸ்டியோபதி டாக்டர் ஒருவர் இருக்கிறார். பெயர் லெமுவல் ஹாஸ்கின்ஸ். மேப்பிள் தெரு, நூற்றுப் பதினான்காம் எண். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். பாப்டிஸ்ட் தேவாலயத்தில் போட்ட சாப்பாட்டில் உருளைக்கிழங்கு சாலட் நன்றாக இருந்தது. இருந்தாலும் டாக்டர் இருக்கிறார். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில், 'புதிய நோயாளிகளை ஏற்கிறார்' என்ற வரிக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் புள்ளியோடு இருக்கிறார்.

இந்தப் பட்டியலை நாங்கள் எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது வெர்லன் டாக்கெட்டின் கையால்.

வெர்லன் வான்கோழி ஆலையில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன். இருபத்திரண்டு வருடமாக இறக்கை அறுக்கிறான். கொக்கியில் தொங்கிக்கொண்டு வருகிற பறவைக்கு வலப்பக்கம் ஒரு வெட்டு, இடப்பக்கம் ஒரு வெட்டு, அடுத்தது. பிப்ரவரி மாதம் அவனுடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. குளிர் என்று நினைத்தான். அறுக்கிற இடம் எப்போதும் குளிர்தான். மார்ச் முதல் வாரம் கத்தி அவன் கையைவிட்டு நழுவி என் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது.

"ஏண்டா, என்னைக் கொல்லப் பாக்கறியா?" என்றேன்.

"கொல்லணும்னா பிடிச்சுல்ல குத்தணும். பிடிக்கவே வரல" என்றான்.

ஆலை நர்ஸ் இரண்டு வலி மாத்திரை கொடுத்துக் கையை உதறச் சொன்னாள். உதறினான். மாவட்டம் மாதிரியான எங்கள் கவுண்டியின் மருத்துவமனையில் இருந்த பெண் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். அவன் கையைத் திருப்பி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினாள். அங்கே சதை லேசாகக் குழிய ஆரம்பித்திருந்தது.

"நரம்பு எங்கேயோ நசுங்குது. கழுத்துலயா, தோள்லயா, முழங்கையிலயான்னு தெரிஞ்சவங்க கண்டுபிடிக்கணும். மூணு மாசத்துக்குள்ள விடுவிச்சா கை திரும்பிடும். தள்ளிப் போட்டா சதை கரைஞ்சுடும். கரைஞ்சது வராது."

மூன்று மாதம் நிறைய நாள் என்று நாங்கள் நினைத்தோம்.

ஆலையின் காப்பீட்டில் ஒரு விதி உண்டு. கத்தி வைக்கிற டாக்டரிடம் போவதற்கு முன்னால் கை வைக்கிற டாக்டரிடம் போயாக வேண்டும். இதற்கு 'மென்மையான பாதை' என்று பெயர். அட்டையில் ஒரு வயலும் சூரிய உதயமும் போட்டு வழவழப்பான புத்தகமாக எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். அதன் கடைசிப் பக்கங்களில்தான் டாக்டர்கள் பட்டியல். வெர்லனே விரல் வைத்துப் படித்தான். எட்டு வருடம் முன்னால், மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் கீழறையில் புதன்கிழமை வகுப்பில் நானும் அவனும் சேர்ந்துதான் எழுத்து கற்றோம். அவனுக்கு அப்போது ஐம்பது வயது, எனக்கு நாற்பத்தெட்டு. அதுவரை எந்தக் காகிதத்திலும் ஒரு பெருக்கல் குறி போடுவோம். பக்கத்தில் யாராவது சாட்சிக்கு எழுதுவார்கள். பெயர் எழுதக் கற்ற பிறகு வெர்லன் கேட்காத இடத்திலும் கையெழுத்துப் போட்டான். ஆங்கிலத்தில் அவன் பெயரின் முடிவில் 't' என்ற குறுக்குக்கோடு போட்ட எழுத்து இரண்டு தடவை வரும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுப்பான். அந்த இழுப்புக்காகவே கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கும். மீன்பிடி உரிமச் சீட்டில் அந்தக் கோடு தாளை விட்டு மேசைக்கே போய்விட்டது.

நாற்பது மைல் சுற்றளவில் நான்கு பேர் இருந்தார்கள். ஹாஸ்கின்ஸை விட்டால் மூன்று.

டாக்டர்கள் வேலைநாளில்தான் இருப்பார்கள். வேலைநாளில் வராதவனுக்கு ஆலை ஒரு புள்ளி போடும். ஏழு புள்ளி சேர்ந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். வெர்லனால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாததால் அவனோடு சேர்ந்து நானும் புள்ளி வாங்கினேன்.

முதல் டாக்டர் இருந்தார். படித்த படிப்பும் அதே படிப்புதான். ஆனால் பிரசவம் மட்டும் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினோரு பெண்களுக்கு நடுவில் வெர்லன் தன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்திலிருந்த பெண் அவனிடம், "உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். "ரெண்டாவது" என்றான். அவன் உண்மையைத்தான் சொன்னான்.

இரண்டாவது முகவரியில் தூண்டில் புழு விற்கிற கடை இருந்தது. வாசலில் தகர டப்பாக்கள், குளிர்பெட்டி, அதற்கு மேலே கையால் எழுதிய ஒரு பலகை: 'டாக்டர் இல்லை. என்னிடம் கேட்காதீர்கள்.' கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"முதுகா, கழுத்தா?"

"கை."

"போன வாரம் ஒரு அம்மா இடுப்போட வந்துது. முதல்ல எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டுத்தான் இருந்தேன். அவ்வளவு தூரம் வந்துட்டு அழுவாங்க. இப்ப நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

உட்கார்ந்தோம். நாங்கள் பார்த்த இடங்களில் எங்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கிளம்பும்போது அவர் வெர்லனுடைய தோளைப் பார்த்து, "நான் வேணா ஒருதரம் அமுக்கிப் பாக்கட்டா?" என்றார். வெர்லன் கொஞ்ச நேரம் யோசித்தான் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது டாக்டர் வெண்டெல் கிரெய்ன். முப்பத்தைந்து மைல் தள்ளி, வங்கிக்கு மேல்மாடியில். கதவில் அவர் பெயர் பித்தளையில் இருந்தது. உள்ளே கம்பளம், மேசை, கணினி இரண்டு. படுக்கவைத்துப் பார்க்கிற மேசை மட்டும் இல்லை. நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். வெர்லன் கையை நீட்டினான். அவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணும். உங்க கையைத் தொட்டா அது சிகிச்சை ஆயிடும். எனக்கு அதுக்கு அனுமதி இல்லை."

"டாக்டருக்கு யார் சார் அனுமதி தரணும்?" என்றேன்.

"நான் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கறேன். நோயாளிகளோட கோப்பு எனக்கு வரும். இது தேவையா தேவையில்லையான்னு நான் முடிவு சொல்வேன். போன வருஷம் ஒன்பதாயிரம் பேரைப் பார்த்திருக்கேன். ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. கஷ்டப்படறவங்களை நேர்ல பார்த்தா மனசு ஒரு பக்கம் சாய்ஞ்சுடும் பாருங்க."

"அப்ப உங்க பேரு ஏன் பட்டியல்ல இருக்கு?"

"நான் தகுதியுள்ள டாக்டர். நாற்பது மைலுக்குள்ள இருக்கேன். பட்டியல்ல கேக்கறது அந்த ரெண்டுதான்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "உள்ளபடி சொன்னா, படிக்கும்போது இந்தக் கை வைத்தியத்துல எனக்குத்தான் முதல் பரிசு."

படி இறங்கும்போது வெர்லன் சொன்னான்: "நல்ல கை அவருக்கு. பாத்தியா? ஒரு வெட்டு, தழும்பு ஒண்ணும் இல்ல."

அப்படி ஏப்ரல் வந்துவிட்டது. ஆலையில் வெர்லனை வெட்டுகிற இடத்திலிருந்து எடுத்து, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற இடத்தில் போட்டார்கள். அவன் ஒட்டிய லேபிள்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

இதற்கு நடுவில் ஸ்ப்ரிங்ஃபீல்டில் நிஜமாகவே ஒரு டாக்டரம்மா இருப்பதாகத் தெரிந்தது. அன்னலீஸ் க்ராஃப் என்று பெயர். நூற்றுப் பத்து மைல். கூப்பிட்டோம். 'அடுத்த வியாழன் வாங்க, காப்பீட்டு அனுமதி மட்டும் கையில இருக்கட்டும்' என்றார்கள். அந்த அனுமதிக்காக வெர்லன் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டான். மதிய இடைவேளையில், ஆலைக்கு வெளியே, என் டிரக்கின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு. நாற்பது நிமிடம் போனில் பியானோ கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். தன்னை 'பயண வழிகாட்டி' என்று சொல்லிக்கொண்டாள். பெயர் பிரியெல்.

"உங்க ஊர்லயே ஒரு டாக்டர் இருக்காரே சார்! நாலு தெரு தள்ளி. டாக்டர் ஹாஸ்கின்ஸ்."

"அவரு செத்துட்டாரும்மா."

"அதைக் கேக்க ரொம்ப வருத்தமா இருக்கு சார். அவர்கிட்ட எந்த நாள் போட்டுத் தரட்டும்?"

வெர்லன் போனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான்.

"செத்துட்டாருன்னு சொன்னேம்மா. மூணு வருஷம் ஆச்சு. நாங்க மண்ணு போட்டோம்."

"எங்க பதிவுல அவர் செயல்படற நிலையில இருக்கார் சார். அவர் விலகணும்னா விலகல் படிவம் இருக்கு. டாக்டரே கையெழுத்துப் போட்டு அனுப்பணும். வர முடியாத சூழ்நிலையா இருந்தா இணையத்துலயும் பண்ணலாம்னு சொல்லுங்க."

"யாருகிட்ட சொல்ல?"

"நீங்க அவரைப் பார்க்கும்போது."

நான் போனை வாங்கினேன். "அம்மா, நான் அவன் கூட்டாளி ராய்ஸ். ஸ்ப்ரிங்ஃபீல்டு அம்மா அடுத்த வாரமே பாக்கறேங்கறாங்க. அதுக்கு ஒரு அனுமதி மட்டும் குடுங்க. அவன் கை போயிட்டிருக்கு."

"புரியுது சார். ஆனா நாற்பது மைலுக்குள்ள ஒருத்தர் இருக்கும்போது அவ்வளவு தூரம் அனுப்பறதுக்கு எனக்கு வழியில்லை. யோசிச்சுப் பாருங்க, கை சரியில்லாதவர் நூத்திப் பத்து மைல் பயணம் பண்றது அவருக்கே நல்லதில்லையே."

ஒரு வாரத்தில் வெர்லனுக்குக் கடிதம் வந்தது. ஏப்ரல் பத்தொன்பது, செவ்வாய், காலை பத்தேகால், டாக்டர் லெமுவல் ஹாஸ்கின்ஸ். வரத் தவறினால் 'ஒத்துழைக்காதவர்' என்று பதியப்படும், மென்மையான பாதை ஆறு மாதத்துக்கு மூடப்படும். கூடவே டாக்டர் அலுவலகத்தில் நிரப்பித் தரவேண்டிய ஒரு சீட்டு.

"போயிட்டு வந்துருவோம்" என்றான் வெர்லன். "அவரு வராம போனா அது அவரு தப்பு. நான் போகாம இருந்தா என் தப்பு."

பத்தேகாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போனோம். திருமதி ஹாஸ்கின்ஸ் கதவைத் திறந்தார். எண்பத்திரண்டு வயது. முன்னால் மாவு ஒட்டிய ஏப்ரன்.

"காப்பீடு அனுப்பிச்சுதா? வா தம்பி, உள்ள வாங்க ரெண்டு பேரும். இந்த மாசத்துல நீங்க நாலாவது. செவ்வாய்க்கிழமை ஆள் வரும்னு தெரிஞ்சு ருபார்ப் தண்டு வெச்சுப் பை பலகாரம் சுட்டிருக்கேன்."

முன்னறையில் டாக்டரின் மேசை அப்படியே இருந்தது. கறுப்புத் தோல் போட்ட நீண்ட மேசை, முகம் வைக்கிற இடத்தில் வெடிப்பு. சுவரில் அவருடைய பட்டம். அதற்குப் பக்கத்தில் புதிதாக மூன்று சட்டம் போட்ட சான்றிதழ்கள். காப்பீட்டு நிறுவனம் வருடம் ஒன்றாக அனுப்பியது. 'இந்த ஆண்டு ஒரு புகாரும் பெறாத மருத்துவர்.' மூன்றாவதில் ஒரு தங்க நட்சத்திரம்.

"உயிரோட இருந்தப்ப ஒண்ணும் வரல. அப்பல்லாம் சண்டை போடுவார் அவங்களோட" என்றார் அந்தம்மா. "மூணு மாசத்துக்கு ஒருதரம் கூப்பிட்டு டாக்டர் இருக்காரான்னு கேப்பாங்க. போயிட்டார்னு சொல்லுவேன். சரி, அப்புறம் கூப்பிடறோம்பாங்க."

பலகாரத்தை வெட்டிக் கொடுத்தார். வெர்லன் முள்கரண்டியை இடது கையால் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "அந்தக் கையைக் காட்டு" என்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இப்போது ஒரு கரண்டி அளவு குழி.

"நாற்பது வருஷம் அவருக்குப் பக்கத்துல நின்னிருக்கேன். இது எனக்கே தெரியுது. இங்க ஒரு கை, கழுத்துக்குப் பின்னால ஒரு கை வைப்பார். கண்ணை மூடிப்பார். எந்த இடம்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவார்." அவர் கை வெர்லனுடைய முழங்கைக்குப் பக்கம் வரை போய், தொடாமல் திரும்பியது. "சீக்கிரம் காட்டு கண்ணு. ரொம்ப சீக்கிரம்."

வெர்லன் சீட்டை நீட்டினான். அதில் இரண்டு கேள்வி. நோயாளி வந்தாரா: ஆம், இல்லை. சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டதா: ஆம், இல்லை. அந்தம்மா பேனாவை எடுத்து நீண்ட நேரம் யோசித்தார். வரவில்லை என்று போட்டால் இவனுக்கு ஆபத்து. அதனால் 'ஆம்'. இரண்டாவது கேள்வியில் பேனா நின்றது.

"ஆமான்னு போட்டுருங்கம்மா" என்றேன் நான்.

"அது பொய் தம்பி. அவர் பேர்ல நான் பொய் எழுத மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்கிறவர். 'இல்லை' என்று குறித்து, தன் பெயரையே கையெழுத்தாகப் போட்டார். எங்களுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் காகிதத்தில் உண்மையை எழுதினால் காரியம் நடக்கும் என்று நம்புகிறவர்கள். மீதிப் பலகாரத்தை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தோம்.

மே மாதம் இரண்டாம் தேதி பதில் வந்தது. 'உங்கள் வருகைக்கு நன்றி. தகுதிபெற்ற நரம்பு, தசை, எலும்பு மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, சிகிச்சை தேவையில்லை என முடிவு செய்திருப்பதில் மகிழ்ச்சியடைகிறோம். எனவே வெளியூர் மருத்துவருக்கான உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' கீழே முடிவெடுத்தவர் பெயர்: டாக்டர் வெண்டெல் கிரெய்ன்.

வெர்லன் அதை இரண்டு தரம் படித்தான். இரண்டாவது தரம் உதடு அசையவில்லை.

அதே வாரம் ஆலை கேன்டீனில் 'உறுப்பினர் குரல் கேட்கும் கூட்டம்' நடந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வட்டார இயக்குநர் தாடியஸ் க்ரல் வந்திருந்தார். டோனட் கொடுத்தார்கள். தலையில் வலைத்தொப்பி போட்ட இருநூறு பேர் உட்கார்ந்திருந்தோம். அவர் பேசினார்.

"நண்பர்களே, இந்த மாநிலத்தில் எத்தனையோ கவுண்டிகளில் இப்படி ஒரு நிபுணரே இல்லை. உங்கள் கவுண்டியில் நான்கு பேர்! இதை நான் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன். நான்கு என்ற எண்ணிக்கை ஒருபோதும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள எங்கள் அலுவலகத்தில் ஒரு தனிப் பிரிவே இரவு பகலாக உழைக்கிறது. குறைந்தால் என்ன ஆகும்? மாநில அரசு எங்களை இங்கே காப்பீடு விற்கவிடாது. அப்புறம் உங்களை யார் கவனித்துக்கொள்வார்கள்?"

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். வெர்லன் எழுந்தான்.

"சார், அந்த நாலு பேர்ல ஒருத்தரு செத்துட்டாரு. ஒருத்தர் விலாசத்துல புழு விக்கறாங்க. ஒருத்தர் பிரசவம் பாக்கறாரு. இன்னொருத்தரு உங்க ஆளு."

சிரிப்பு எழுந்தது. இயக்குநரும் சிரித்தார். கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கத் தெரிந்தவர்.

"நல்ல கேள்வி. ஒருத்தர் உயிரோட இருக்காரா இல்லையாங்கறது மருத்துவம் சம்பந்தப்பட்ட முடிவு. நாங்க மருத்துவம் பண்றதில்லை, பண்ணவும் கூடாது. எங்களால சொல்ல முடிஞ்சதை மட்டும் சொல்றேன். நீங்க சொல்ற டாக்டர் கடந்த மூணு வருஷமா ஒரு தப்பான வைத்தியம் பண்ணலை. தேவையில்லாத ஒரு பரிசோதனைகூட எழுதலை. எல்லா டாக்டரும் அப்படி இருந்தா இந்த நாட்டோட மருத்துவம் எவ்வளவு நல்லா இருக்கும்?"

சிலர் கைதட்டினார்கள். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

"என் கை போயிட்டிருக்கு சார்" என்றான் வெர்லன். கையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு விரல் கொக்கி மாதிரி உள்ளே மடங்கியிருந்தன.

"கை தூக்கினதுக்கு நன்றி" என்றார் இயக்குநர். "பின்னாடி வேற யாராவது?"

அவர் போன பிறகு உதவியாளப் பெண் ஒருத்தி வெர்லனிடம் மேல்முறையீட்டுப் படிவம் கொடுத்தாள். உறுப்பினரே தன் கைப்பட எழுதி, மையினால் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து நிறுவனத்தின் கோப்பில் உள்ளதோடு பொருந்த வேண்டும்.

வெர்லன் மூன்று நாள் எழுதினான். பேனாவைக் கைக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு எழுதினான். ஒரு பக்கம்தான். தேவாலயக் கீழறையில் கற்ற அத்தனை எழுத்தும் அதில் நடுங்கிக்கொண்டு நின்றன. கடைசியில் முழுப்பெயர். அந்த இழுப்பு மட்டும் பாதியில் கீழே இறங்கிவிட்டது.

பதினாறாம் நாள் திரும்பி வந்தது. 'கையெழுத்து பொருந்தவில்லை.'

"நடுக்கத்தாலதான்" என்றான். "கோடு நேரா வரல, அதான்."

அதன் பிறகு அவன் மதிய இடைவேளையில் சாப்பிடுவதை விட்டான். கிழிந்த பெட்டி அட்டைகளின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதினான். வெர்லன் டாக்கெட், வெர்லன் டாக்கெட். நான் எதிரே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றேன்.

"இது பரவால்லையா?"

"முன்னதைவிடப் பரவால்ல."

"பொய் சொல்லாதடா."

"அப்ப மோசம்."

"போடா. சும்மா கேட்டா உடனே சொல்லிடுவியா."

மூன்று மாதம் என்று கவுண்டி ஆஸ்பத்திரிப் பெண் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை வந்து போனது. அன்றைக்கு அவன் முப்பத்தொரு முறை எழுதினான். நல்லதாக வந்த ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதே மாதிரி புதுப் படிவத்தில் போட்டான். என் கண்ணுக்கு அது அவன் பழைய கையெழுத்தேதான். இழுப்புகூட ஓரளவு வந்திருந்தது.

மறுபடியும் திரும்பி வந்தது. 'கையெழுத்து பொருந்தவில்லை. உங்கள் வசதிக்காகக் கோப்பில் உள்ள மாதிரிக் கையெழுத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.'

நகலை டிரக்கில் உட்கார்ந்து பிரித்தோம். அவன் ஆலையில் சேர்ந்த அன்றைக்கு நிரப்பிய காகிதம். வயது முப்பத்தாறு. கையெழுத்து என்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் அப்போதைய மேலாளரின் கிறுக்கல்: சாட்சி.

வெர்லன் டாஷ்போர்டின் மேல் காகிதத்தை வைத்துத் தடவித் தடவி மடிப்பை நேராக்கினான்.

"நல்ல குறியாத்தான் போட்டிருக்கேன்" என்றான் கடைசியில். "பேனா குடு."

குறி போட அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் சாட்சி எழுதினேன்.

ஒன்பது நாளில் பதில் வந்துவிட்டது. 'கையெழுத்து முழுமையாகப் பொருந்துகிறது. பொறுமைக்கு நன்றி. உங்கள் கோரிக்கை ஏற்கப்படுகிறது.' ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு அனுமதி. ஒரு முறை.

ஆறாவது புள்ளியை வாங்கிக்கொண்டு போனோம். ஜூலை மாதம். சோளம் ஆள் உயரம் நின்றிருந்தது. வெர்லன் வழி முழுக்கக் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் க்ராஃப் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான ஆள், பெரிய கை. வெர்லனை மேசையில் படுக்கவைத்தார். கழுத்துக்குப் பின்னால் ஒரு கை, முழங்கையில் ஒரு கை. கண்ணை மூடிக்கொண்டார். திருமதி ஹாஸ்கின்ஸ் சொன்னது அப்படியே. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"இங்க" என்றார், முழங்கையின் உள்பக்கம் விரல் வைத்து. "இங்கதான் சிக்கியிருக்கு."

வெர்லன் சிரித்தான். இத்தனை மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "விடுவிச்சுடலாங்களா?"

"விடுவிக்கலாம். கத்தி வைக்கிற டாக்டருக்கு எழுதித் தர்றேன். வலி குறையும். மேலே போகாம நிக்கும்." அவர் அவனுடைய உள்ளங்கையை எடுத்துத் தன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார். குழிந்த இடத்தில் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தார். அங்கே தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லை. "ஆனா இது திரும்பாதுங்க. விரல் இவ்வளவுதான். மார்ச்லயே வந்திருந்தீங்கன்னா... இத்தனை நாள் ஏன் வரல?"

வெர்லன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"எங்க ஊர்லயே ஒருத்தரு இருக்காருங்க" என்றான்.

வெளியே வரும்போது முன்மேசையில் இருந்த பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கருத்துக் கணிப்பாம், கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். ஒரே கேள்வி. 'உங்கள் அருகிலேயே ஒரு மருத்துவரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிதாக இருந்தது?' அதற்குக் கீழே அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து முகங்கள். கடைசியில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

வெர்லன் உதடு அசையப் படித்தான். முகங்களை விட்டுவிட்டான். பேனாவை முஷ்டியில் பிடித்துக்கொண்டு கோட்டின் மேல் தன் பெயரை எழுத ஆரம்பித்தான். முதல் எழுத்தான 'V'யின் முதல் சாய்வுக்கோடு வந்தது. நிறுத்தினான். பிறகு அதற்குக் குறுக்கே இன்னொரு கோட்டை இழுத்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினான்.

சாட்சிக்கென்று அதில் இடம் விடவில்லை. ஓரத்தில் எழுதினேன்.